தொழிலுக்கு வாங்கிய இரண்டு போன்களும் அவற்றின் வரிக் கணக்கும்

கோவையில் கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில். சாம்பிள் அனுப்புவது, ரீல்ஸ் வெட்டுவது, அட்வான்ஸ் வாங்குவது எல்லாம் போனில்தான். 2021 தீபாவளி ஆஃபரில் 23,600 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினேன். "பில் யார் பேருக்கு சார்?" என்று கேட்டார்கள், என் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஜிஎஸ்டி பதிவு அப்போதே இருந்தது. அந்த 15 இலக்க நம்பரைப் பில்லில் போடச் சொல்லியிருந்தால், விலைக்குள் இருந்த 3,600 ரூபாய் வரியில் தொழில் பங்கு இன்புட்டாக, அதாவது நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக வந்திருக்கும். பிறகு போய்க் கேட்டேன், பில்லை மாற்ற முடியாது என்றுவிட்டார்கள்.

வருமான வரியிலும் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. தொழிலுக்கு வாங்கிய பொருளின் மதிப்பில் ஒரு பங்கை வருடா வருடம் செலவாக எழுதுவதுதான் தேய்மானம். லேப்டாப்புக்கு 40 சதவீதம் எழுதியதால் போனுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஆடிட்டர், "போனுக்கு 15தான் தம்பி, அதுவும் தீபாவளிக்கு வாங்கினதால இந்த வருஷம் பாதி" என்றார். மார்ச் 31-க்குள் 180 நாள் உபயோகம் இல்லையென்றால் முதல் வருடம் ஏழரை சதவீதம்தான், அதாவது 1,770 ரூபாய். அப்புறம், "வீட்டுக்குத் தனி போன் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. ஒரு மாத கால் லிஸ்டை உட்கார்ந்து பார்த்ததில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகத் தொழில் அழைப்புகள், 70 சதவீதம் என்று வைத்தோம். கடைசியில் செலவாக ஏறியது 1,239 ரூபாய். ரீசார்ஜும் அதே கணக்கில்தான் போகிறது.

அந்த போனுக்கு இரண்டு வருடத்தில் அப்டேட் நின்றுவிட்டது, மெமரியும் நிரம்பி கல்யாண மண்டபத்திலேயே திணற ஆரம்பித்தது. வருடா வருடம் மிச்ச மதிப்பில் 15 சதவீதம் எழுதினால் ஐந்து வருடம் கழித்தும் விலையில் 44 சதவீதம் கணக்கில் மிச்சம் நிற்கும், ஆனால் போன் அதற்குள் செத்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் அடுத்த முறை எத்தனை வருடம் ஓடும் என்பதைத்தான் முதலில் பார்த்தேன். 2024 ஜூனில் சாம்சங் ஏ55 எடுத்தேன், விலை 39,999. ஐந்து வருட பாதுகாப்பு அப்டேட், மெமரி கார்டு போட இடம், மழையில் ரிசப்ஷன் எடுத்தாலும் பயமில்லை. இன்றுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை, சார்ஜ் ஏறுவதுதான் மெதுவு.

இந்த முறை ஜிஎஸ்டி நம்பரோடு பில். பணமும் பேங்க் வழியாகவே கொடுத்தேன், ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை தேய்மானக் கணக்கில் சேராது. அடுத்த மாதம் 14-ஆம் தேதி, ஜிஎஸ்டி தளத்தில் நமக்கு வரும் இன்புட்டைக் காட்டும் 2பி பட்டியலில் 6,101 ரூபாய் வந்து நின்றது, அதில் தொழில் பங்காக 4,271 எடுத்தோம். இன்புட் எடுத்த தொகைக்குத் திரும்பவும் தேய்மானம் எழுதக்கூடாது, இதில் நிறைய பேர் தவறுகிறார்கள். ஜூனில் வாங்கியதால் முதல் வருடமே முழு 15 கிடைத்தது.

லாபத்தை உத்தேச சதவீதத்தில் காட்டி ரிட்டர்ன் போடும் நண்பர்களுக்குத் தேய்மானம் தனியாகக் கிடையாது, அதற்குள்ளேயே எல்லாம் அடக்கம். ஆனால் வழக்கமான ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இன்புட் அவர்களுக்கும் உண்டு, அதை விடாதீர்கள்.

பழைய போனின் பில் எட்டே மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிட்டது. ஏ55-இன் பில்லைக் கடை வாசலிலேயே போட்டோ எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.