டாப்சோனியன் தொலைநோக்கிக்கு ஒரு கணினி வழிகாட்டி: டர்பன் வானத்தில் எப்படி உழைக்கிறது?

மோட்டார் எதுவும் இல்லாமல் கையால் தள்ளித் திருப்பும் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி எந்தத் திசையில் நிற்கிறது என்பதை அளந்து, தேடும் பொருளை அடைய இன்னும் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று எண்களில் காட்டும் சிறிய பெட்டியைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். எட்டு அங்குல ஆடியும் 1,200 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட டாப்சோனியனில் இதைப் பொருத்தி, சாட்ஸ்வொர்த்தில் வீட்டின் பின்முற்றத்திலும் குளிர்கால விடுமுறைகளில் டிராகன்ஸ்பெர்க் மலையடிவாரத்திலும் பயன்படுத்தி வருகிறேன். பழையதாக வாங்கியது. இதே அமைப்பில் வெவ்வேறு பெயர்களில் பல பெட்டிகள் விற்பனைக்கு வந்திருப்பதால், தயாரித்தவர் யார் என்பதைவிட வேலை செய்யும் முறை எப்படி என்பதே வாங்குபவருக்கு உதவும். இவற்றைப் பற்றி வரும் மதிப்புரைகளும் பெட்டியோடு வரும் கையேடும் பெரும்பாலும் துருவ விண்மீன் தெரியும் நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நிலநடுக்கோட்டுக்கு முப்பது பாகை தெற்கே இருக்கும் நமக்கு அந்த விண்மீன் என்றைக்கும் அடிவானத்துக்கு மேலே வராது. அதோடு, பெட்டியின் பலமும் பலவீனமும்கூட இங்கே வேறு இடங்களில்தான் வெளிப்படுகின்றன.

அமைப்பு எளிமையானது. குழல் மேலும் கீழும் சாயும் அச்சில் ஒன்றும், அடிப்பலகை சுழலும் அச்சில் ஒன்றுமாக இரண்டு என்கோடர்கள் (அச்சு எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் உணரிகள்) இருக்கின்றன. ஒரு முழுச் சுற்றை 8,192 படிகளாகப் பிரிக்கும் வகையாக இருந்தால் ஒரு படி ஏறக்குறைய 2.6 கலை (ஒரு பாகைக்கு 60 கலை), அதாவது முழுநிலவின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லை இந்தத் தொலைநோக்கியில் 48 மடங்கு பெரிதாக்கி, ஒரு பாகைக்குச் சற்றே கூடுதலான வானப்பரப்பைக் காட்டுவதால், படியின் அளவு காரணமாகப் பொருள் கைநழுவிப் போக வழியில்லை. தேடியது பார்வைப்புலத்துக்குள் வரவில்லை என்றால், ஏறக்குறைய எப்போதுமே குற்றவாளி தொடக்க அமைவுதான்.

அந்த அமைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டியை இயக்கியதும் முதலில் குழலைச் செங்குத்தாக நிறுத்தச் சொல்கிறது. குழல் வந்து முட்டி நிற்பதற்கென்று தாங்கியின் உட்புறத்தில் ஒரு திருகு இருக்கிறது. குழல் அதில் முட்டி நிற்கும்போது அடிப்பலகைக்குச் சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும். தரை சமமாக இருந்தாக வேண்டும் என்று எண்ணி, இருட்டில் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு கால்களுக்கடியில் மரத்துண்டுகளைச் செருகிப் பாடுபடுகிறவர்கள் உண்டு. அது தேவையற்ற வேலை. சரிவான முற்றத்தில் வைத்தாலும், அடுத்த கட்டத்தில் நாம் காட்டும் இரண்டு விண்மீன்களைக் கொண்டு அந்தச் சரிவைப் பெட்டி தானே கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் குழலுக்கும் அடிப்பலகைக்கும் இடையிலான செங்கோணம் அரைப் பாகை பிசகினாலும், அந்தப் பிசகு இரவு முழுவதும் ஒவ்வொரு தேடலிலும் கூடவே வரும். திருகுக்கு அடியில் ஒரு வாஷரைச் சேர்ப்பதா எடுப்பதா என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே முடிவு செய்துவிட்டால், பிறகு மாதக்கணக்கில் அதைத் தொட வேண்டியிருக்காது.

இரண்டாம் கட்டம் விண்மீன்களைக் காட்டுவது. ஊரின் அட்சரேகையையோ நேரத்தையோ இந்தப் பெட்டி கேட்பதில்லை. ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி நிற்கும் இரண்டு விண்மீன்களை அடுத்தடுத்துப் பார்வைப்புலத்தின் நடுவில் நிறுத்தினால் போதும், மீதியை அதன் உள்கடிகாரம் பார்த்துக்கொள்கிறது. கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டுகள் நமக்கு உதவாது என்பதால் என் தேர்வைச் சொல்கிறேன். ஜூலை மாதத்து இரவு எட்டு மணி அளவில், வடக்கிலிருந்து சற்று மேற்கே ஒதுங்கி 37 பாகை உயரத்தில் சுவாதி நிற்கிறது. தெற்கே 58 பாகை உயரத்தில் ஆல்ஃபா செண்டாரி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 80 பாகை இருப்பதால் இதைவிட நல்ல இணை அந்த நேரத்தில் கிடைக்காது. தெற்குச் சிலுவையைச் சுட்டும் இரு விண்மீன்களில் எது ஆல்ஃபா, எது பீட்டா என்ற ஐயம் எழுந்தால், உருப்பெருக்கத்தை நூறுக்கு மேல் கொண்டுபோய்ப் பாருங்கள்: ஆல்ஃபா மஞ்சள் நிறத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கும், பீட்டா ஒற்றையாகவே தெரியும். சிவந்து தலைக்கு மேல் நிற்கும் கேட்டை கண்ணைக் கவர்ந்தாலும், உச்சிக்கு அருகில் இருப்பதால் அமைவுக்கு ஏற்றதன்று. இரண்டாவது விண்மீனை உறுதி செய்தவுடன், நாம் காட்டிய இடைவெளிக்கும் பெட்டியின் நினைவிலுள்ள இடைவெளிக்கும் எவ்வளவு வேறுபாடு என்பது ஓர் எண்ணாகத் திரையில் வருகிறது. அது அரைப் பாகையைத் தாண்டினால் சோம்பலை விட்டுவிட்டு அமைவை மறுபடி செய்துவிட வேண்டும்.

இனிப் பயன்பாட்டுக்கு வருவோம். விண்மீன் கொத்துகள், நெபுலாக்கள், கேலக்ஸிகள் ஆகியவற்றுக்கு எண் கொடுத்துத் தொகுத்த மெஸ்ஸியே பட்டியலின் (எம்) 110 பொருள்களும் என்ஜிசி பட்டியலின் 7,840 பொருள்களும் நினைவில் உள்ளன. எண்ணை அடித்தவுடன் திரையில் இரண்டு இலக்கங்களும் பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகளும் தோன்றுகின்றன. குழலைத் தள்ளத் தள்ள இலக்கங்கள் குறைந்துகொண்டே வந்து இரண்டும் பூஜ்யத்தைத் தொடும்போது பொருள் கண்ணருகு வில்லையில் இருக்கும். கடைசி ஒரு பாகைக்குள் வந்ததும் பதின்கூறுகளில் எண்ணத் தொடங்குவதால் கை தானாகவே நிதானத்துக்கு வந்துவிடுகிறது.

தென்வானத்தின் பெருமைக்குரிய காட்சிகளுக்கு இதெல்லாம் வேண்டியதே இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒமேகா செண்டாரி, 47 டுக்கானே என்னும் விண்மீன் கொத்துகள், கரீனா நெபுலா ஆகிய மூன்றும் இருண்ட இடத்தில் வெறும் கண்ணுக்கே தெரிபவை. அவற்றைத் தேட ஒருவர் பெட்டியின் பொத்தானை அழுத்தினால் அது வீட்டு வாசலைக் கண்டுபிடிக்க வரைபடம் விரிப்பதைப் போன்றது. பெட்டி தன் விலைக்கு உழைப்பது கேலக்ஸிகளில்தான். சாட்ஸ்வொர்த்தில் தெருவிளக்குகளும் வடகிழக்கே நகரமும் துறைமுகமும் எழுப்பும் ஒளியும் சேர்ந்து, படிக்கல்லாகப் பயன்படக்கூடிய மங்கலான விண்மீன்களை முழுவதுமாக மறைத்துவிடுகின்றன. விண்மீன் விட்டு விண்மீன் தாவித் தேடும் பழைய முறைக்குக் கால் வைக்க இடமே இல்லை. (மின்வெட்டு உச்சத்தில் இருந்த இரவுகளில் மட்டும் பால்வீதி முற்றத்துக்கே வந்து நின்றது, அந்த ஒரு நன்மைக்காக மின்வெட்டை வாழ்த்த மனம் வரவில்லை.) அப்படிப்பட்ட வானத்தில் சோம்பிரெரோ என்னும் எம் 104-ஐயும், நடுவில் கரும்பட்டை ஓடும் என்ஜிசி 5128-ஐயும், எம் 83-ஐயும் ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிடங்களில் பார்க்க முடிகிறது. முன்பு இதே முற்றத்தில் இவற்றில் ஒன்றைப் பிடிப்பதற்கே மாலை முழுவதும் போய்விடும். எம் 83-ஐ 1752-இல் கேப் நகரிலிருந்து முதன்முதலில் குறித்தவர் பிரெஞ்சு வானியலாளர் லக்காய். அரை அங்குல வில்லை கொண்ட சிறு குழல்தான் அவருக்குக் கருவி. பிரிட்டோரியாவின் பொழுதுபோக்கு வானியலாளர் ஜாக் பென்னட் 1968-இல் அதே கேலக்ஸியில் ஒரு சூப்பர்நோவாவைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார். அவர்களுக்குப் பெட்டி இல்லை; ஆனால் அவர்களுக்கு இருந்த இருட்டு நமக்கு இல்லை. வால்மீன் என்று மயங்க வைக்கும் தென்வானப் பொருள்கள் 152-ஐப் பென்னட் தொகுத்த பட்டியல் இந்தப் பெட்டியில் தனியாக இல்லாவிட்டாலும், அதில் பெரும்பாலானவற்றுக்கு என்ஜிசி எண் உண்டு என்பதால், அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்துவருவது எனக்குப் பிடித்த வேலையாகிவிட்டது.

பெட்டி இடத்தைக் காட்டும்; பொருளை அடையாளம் காட்டாது. ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1834-இல் கேப்பிலிருந்து கண்டுபிடித்த நீலக் கோள்வடிவ நெபுலாவான என்ஜிசி 3918-ஐத் தேடச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பையனிடம் பெட்டியைக் கொடுத்தபோது, அவன் வெகு சீக்கிரத்தில் திரும்பிப் பார்த்து, "மாமா, ரெண்டும் சைபர் ஆயிடுச்சு, ஆனா வெறும் நட்சத்திரமாத்தான் இருக்கு" என்றான். பொருள் அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. 48 மடங்கில் அது விண்மீனைப் போலவே தெரியும். 10 மில்லிமீட்டர் வில்லையை மாற்றி 120 மடங்குக்குக் கொண்டுபோனதும், அக்கம்பக்கத்து விண்மீன்கள் புள்ளிகளாகவே நிற்க, அது மட்டும் சிறிய நீல வட்டாகப் பருத்துவிட்டது. இந்த வேறுபாட்டைக் காணும் பழக்கம் பெட்டியோடு வருவதில்லை.

உண்மையான குறை தலை உச்சியில் இருக்கிறது. டாப்சோனியனின் குழல் உச்சிக்கு ஓரிரு பாகை அருகில் நிற்கும்போது, அடிப்பலகையை எவ்வளவு சுழற்றினாலும் அது சுட்டும் இடம் வானத்தில் சிறிதளவே நகரும். எனவே கொஞ்சம் தள்ளி இருக்கும் பொருளுக்குக்கூடத் திரை 90 பாகை, 120 பாகை என்று சுழற்றச் சொல்கிறது. செங்குத்து அமைவில் மிஞ்சியிருக்கும் சிறு பிழையும் அந்த இடத்தில் பெரிதாகிவிடுகிறது. ஐரோப்பாவில் இருப்பவருக்கு இது பெரிய இழப்பன்று. நமக்கோ, பால்வீதியின் நடுப்பகுதி குளிர்கால இரவுகளில் சரியாக டர்பனின் உச்சி வழியாகவே செல்கிறது; எம் 6 கொத்து உச்சியிலிருந்து இரண்டரைப் பாகைக்குள் கடந்துபோகிறது. வானத்தின் மிகச் செழிப்பான பகுதி மிக உயரத்தில் நிற்கும் வேளையில் பெட்டி தடுமாறுகிறது என்று பொருள். இதற்கு மருந்து பொறுமைதான்: வானம் மணிக்கு 15 பாகை சுழல்வதால், ஒரு மணி நேரம் முன்போ பின்போ பார்த்தால் இந்தத் தொல்லை மறைந்துவிடும். சதர்லாந்தில் 91 அறுகோண ஆடிகளோடு நிற்கும் சால்ட் என்னும் பெரிய ஆய்வுத் தொலைநோக்கியே உச்சியிலிருந்து 37 பாகைச் சாய்வில் நிலையாக நின்று, பொருள் தன் எல்லைக்குள் வரும்வரை காத்திருக்கிறது. நாம் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவதில் தவறில்லை.

சிறு குறைகளும் உண்டு. திரையின் சிவப்பு ஒளி நகரத்தில் அளவாக இருந்தாலும், மலையடிவாரத்தின் இருட்டில் கண்ணை உறுத்துகிறது; அதன்மேல் சிவப்புக் காகிதம் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். மின்கலம் தளர்ந்து பெட்டி ஒரு நொடி அணைந்தாலும் அமைவு முழுவதும் அழிந்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் மலைக் குளிரில் சாதாரண மின்கலம் எளிதில் தளர்வதால், மாற்றுக் கலம் ஒன்றைச் சட்டைப்பையில் உடற்சூட்டில் வைத்திருப்பது நல்லது. பொத்தான்கள் உறை அணிந்த விரலுக்கும் இசைகின்றன.

இப்போது இதற்குப் போட்டியாகக் கைப்பேசி வழி வந்திருக்கிறது. செலஸ்ட்ரான் நிறுவனம் 2020-இல் அறிமுகப்படுத்திய ஸ்டார்சென்ஸ் எக்ஸ்ப்ளோரர் முறையில் என்கோடர்கள் இல்லை. குழலோடு பொருத்திய கைப்பேசியின் கேமரா வானத்தைப் படமெடுத்து, விண்மீன்களின் அமைப்பை ஒப்பிட்டுத் தொலைநோக்கி எங்கே நோக்குகிறது என்று கண்டறிகிறது. செங்குத்துத் திருகும் இரண்டு விண்மீன் அமைவும் இதில் இல்லை. கைப்பேசியின் திசைகாட்டியை மட்டும் நம்பும் சாதாரணச் செயலிகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை பல பாகைகள் பிசகக்கூடியவை, தொலைநோக்கிக்கு உதவா. புதிதாகத் தொலைநோக்கி வாங்குகிறவருக்குக் கைப்பேசி வழியையே நான் பரிந்துரைப்பேன். மேகத்துண்டுகளுக்கு நடுவே வானம் பார்க்கும் டர்பனின் கோடைக்கு மட்டும் என்கோடர் பெட்டி மேலானது. ஒருமுறை அமைத்துவிட்டால், மேகம் மறைத்திருக்கும் பகுதிக்கும் அது வழி காட்டும், கேமராவால் அது முடியாது.

ஏற்கெனவே டாப்சோனியன் வைத்திருந்து, பழைய பெட்டி ஒன்று கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்பவர்கள், விலை பேசுவதற்கு முன்னால் பகலிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தொலைவில் உள்ள ஆண்டெனா ஒன்றின் முனையைப் பார்வைப்புலத்தின் நடுவில் நிறுத்தி, திரை காட்டும் கோணங்களைக் குறித்துக்கொண்டு, அடிப்பலகையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே முனைக்குத் திரும்புங்கள். எண் ஒரு படிக்கு மேல் மாறியிருந்தால், நடு ஆணியை இறுக்கிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் மாறினால் என்கோடரின் வட்டு தேய்ந்திருக்கிறது. அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம்.