வேலை போன பிறகு: வந்ததைப் பிடிப்பதா, பொறுத்துப் பார்ப்பதா?

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்குச் சித்தி பையன் போன் செய்தான். அன்று மதியம்தான் அவனைச் சின்ன மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டு, இன்றே கடைசி நாள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆறு வருட அனுபவம். அழவில்லை, ஆனால் குரலில் உயிரே இல்லை. "அக்கா, வர்றதைப் பிடிச்சுக்கவா, இல்ல கொஞ்சம் பொறுத்துப் பாக்கவா?" என்று கேட்டான்.

சென்னையில் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் பக்கம் நிறைய வீடுகளில் இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் என்ற பெரிய ஐடி கம்பெனி தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. நடுமட்டத்திலும் மேல்மட்டத்திலும் இருப்பவர்கள்தான் அதில் அதிகம் என்றும் சொன்னது. வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து நிற்கிற வயது அது.

எனக்கு இது 2023-இல் நடந்தது. நானும் என் டீம் தோழியும் ஒரே நாளில் ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். பத்தொன்பதாவது நாள் எனக்கு ஒரு ஆஃபர் வந்தது, சேர்ந்துவிட்டேன். அவள் இரண்டு ஆஃபரை வேண்டாம் என்று சொல்லி ஏழு மாதம் காத்திருந்தாள். இரண்டு வழியும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பணக் கணக்கு

வேலை போன மறுநாள் காலை, பையனின் பழைய கணக்கு நோட்டில் எழுதினேன். இஎம்ஐ 31,500. மளிகை, பால், கரண்ட், கேஸ் 18,000. பள்ளிக் கட்டணத்தின் மாதப் பங்கும் வேனும் 9,500. அம்மாவின் மாத்திரை 4,000. பெட்ரோல், போன் 5,000. மொத்தம் 68,000. கணவரின் ஜெராக்ஸ் கடையில் வருவது கடை வாடகைக்கும் ஆள் சம்பளத்துக்கும் சரியாகப் போய்விடும். செட்டில்மென்ட், கிராஜுவிட்டி, வங்கியில் இருந்தது எல்லாம் சேர்த்து 4,10,000. ஆறு மாதம் ஓடும். அந்த '6' என்ற எண்ணை நோட்டில் வட்டம் போட்டு வைத்தேன்.

தோழியின் வீட்டில் கணவருக்கு மாதச் சம்பளம், கடன் கிடையாது. அவள் நோட்டில் அந்த எண் குறைந்தது பன்னிரண்டு இருந்திருக்கும். "நீயும் அவசரப்படாதடி" என்று அவள் எனக்குச் சொன்னது அன்பில்தான். ஆனால் இரண்டு பேரின் எண்ணும் வேறு.

பழைய இடத்தில் கைக்கு வந்தது 95,000. எனக்கு வந்த ஆஃபர் 78,000. அவள் ஏழு மாதம் கழித்துச் சேர்ந்தது 1,02,000-க்கு. கேட்டவுடன் அவள் ஜெயித்துவிட்டாள் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஏழு மாதத்தில் நான் வாங்கியது 5,46,000. அவள் மாதம் 24,000 அதிகம் வாங்கினாலும் இந்தப் பள்ளத்தை நிரப்ப வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கிட்டத்தட்ட 23 மாதம் ஆகும். பொறுத்திருப்பதன் விலை இது. பலரும் இதைக் கணக்குப் போடுவதே இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. நம் ஊரில் அடுத்த கம்பெனி கடைசி மூன்று மாதச் சம்பள ரசீதைக் கேட்டு, அதன்மேல் இத்தனை சதவீதம் என்றுதான் பேசுவார்கள். அடுத்த மாற்றத்தில் ஆளுக்கு 30 சதவீதம் உயர்வு கிடைத்தால் எனக்கு 1,01,400, அவளுக்கு 1,32,600. இடைவெளி 24,000-லிருந்து 31,200 ஆகிவிடும். குறைத்து ஒத்துக்கொண்ட சம்பளம் அந்த ஒரு வேலையோடு போய்விடுவதில்லை.

நாள் ஆக ஆக

ஐடி வேலையில் பெரும்பாலும் 90 நாள் நோட்டீஸ் பீரியட், ராஜினாமா கொடுத்தபின் அத்தனை நாள் இருந்துவிட்டுத்தான் போக முடியும். அதனால் உடனே சேரக்கூடிய 'இமீடியட் ஜாயினர்' என்றால் எச்ஆருக்கு ஒரு தனி ஆர்வம் உண்டு. வேலை போனவர் கையில் இருக்கிற ஒரே நல்ல சீட்டு இது. முதல் இரண்டு மூன்று மாதம் நன்றாகவே செல்லும். அதற்கப்புறம் அதே ஆளிடம் "ஏன் இவ்வளவு கேப்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். தோழிக்கு ஐந்தாவது மாதத்திலிருந்து இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதுதான்.

அமெரிக்காவில் இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். 100 பெரிய நகரங்களில் சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து, 2013-இல் வெளியிட்டார்கள். சும்மா இருந்த காலம் நீள நீள அழைப்புகள் குறைந்தன, முதல் எட்டு மாதத்தில்தான் அதிகச் சரிவு. இதைப் படித்தால் வந்ததைப் பிடி என்று தோன்றும். ஆனால் 2016-இல் வெளியான, அலுவலக உதவியாளர் வேலைகளுக்கு, பட்டம் பெற்ற பெண்களின் பெயரில் அனுப்பிப் பார்த்த இன்னொரு ஆய்வில் அந்தச் சரிவே தெரியவில்லை. தகுதிக்குக் கீழான வேலையில் இடைக்காலமாகச் சேர்ந்திருந்தவர்களுக்கு அழைப்பு குறைந்தது. எட்டு மாதம் சும்மா இருப்பதற்கும் கிடைத்த எதிலோ உட்காருவதற்கும் இரண்டுக்குமே விலை இருக்கிறது என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

வேலையில் என்ன செய்வோம் என்பது

பழைய இடத்தில் நான் ஆட்டோமேஷன் டெஸ்டிங், மென்பொருளைச் சோதிக்க ஸ்கிரிப்ட் எழுதுகிற வேலை. சேர்ந்த இடத்தில் ப்ரொடக்ஷன் சப்போர்ட், ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருளில் வரும் கோளாறுகளைப் பார்க்கிற வேலை, அதுவும் மாதத்தில் மூன்று வாரம் நைட் ஷிஃப்ட். இன்டர்வியூவில் "ஆறு மாதத்தில் ப்ராஜெக்ட் மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள். நான் எழுத்தில் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அன்று நான் இல்லை.

விடியற்காலை நாலு மணிக்கு மேடவாக்கம் ஜங்ஷனில் கேப் இறக்கிவிடும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால், ஆறரைக்குப் பையன் எழுந்து டிபன் பாக்ஸ் கேட்பான். வேலை இதுதான்: கோளாறு பற்றி வந்த டிக்கெட்டைத் திறப்பது, பழைய தீர்வைத் தேடி ஒட்டுவது, மூடுவது. இரண்டு வருடத்தில் ஒரு ஸ்கிரிப்ட் கூட எழுதவில்லை. அதற்கப்புறம் ஒரு நல்ல கம்பெனி இன்டர்வியூவில், பதினோரு வருடம் சோறு போட்ட விஷயத்திலேயே ஒரு எளிய கேள்விக்குப் பதில் வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தேன். 17,000 குறைந்தது எனக்கு வலிக்கவில்லை, இதுதான் வலித்தது.

தோழி அந்த ஏழு மாதத்தில் டேட்டா இன்ஜினியரிங் படித்தாள், சின்னதாக இரண்டு ப்ராஜெக்ட் செய்து வைத்தாள். அதைக் காட்டித்தான் வேலை வாங்கினாள். அவள் வழியும் லேசானதில்லை. ஐந்தாவது மாதம் மாமனாருக்கு ஆஞ்சியோ. கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விட்டது. வளையலை அடகு வைத்தாள். வேலையை விடும்போதே, குரூப் பாலிசியை அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எங்கள் இருவருக்கும் அது அப்போது தெரியாது. பொறுத்திருக்க நினைப்பவர்கள் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது.

அப்புறம் பிஎஃப். பணம் தேவை என்று எல்லாவற்றையும் எடுத்துவிடத் தோன்றும். பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷனுக்குப் பத்து வருட சேவை வேண்டும். பென்ஷன் பகுதியையும் எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முடிந்தவரை புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆலைத் தொழிலாளிக்கு

மேலே சொன்னது மேசை வேலைக்காரர்களின் கணக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் பக்கம் கணக்கு மாறிவிடும். அங்கே பொறுத்திருப்பது என்றால் பல சமயம் மூடின கேட் மறுபடி திறக்குமா என்று பார்த்திருப்பதுதான். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அந்த இடத்தை சார்ஜர் தயாரிக்கிற சால்காம்ப் கம்பெனி எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது 2019-இல். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாகச் சொன்னது, 2022-இல் மறைமலை நகர் ஆலை ஓய்ந்தது. மறுபடி வருவதாக 2024-இல் அறிவித்தது. 2025 அக்டோபரில் சொன்னபடி அங்கே இன்ஜின் உற்பத்தி தொடங்குவது 2029-இல். இடையில் ஏழு வருடம். முப்பத்தைந்தில் வெளியே வந்தவருக்கு அப்போது நாற்பத்திரண்டு ஆகியிருக்கும். கேட் திறந்தாலும் பழைய ஆளைத்தான் எடுப்பார்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அடுத்த ஆலையில் பெரும்பாலும் கிடைப்பது கான்ட்ராக்ட். பத்து வருடம் நிரந்தரமாக இருந்தவரைப் புதிதாக வந்த பையனின் கூலிக்கு நிற்கச் சொல்வது அநியாயம். அது கேட்டுப் போராட வேண்டிய விஷயம், போராடியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அடுப்பு எரிய வேண்டும். இங்கே வந்ததைப் பிடியுங்கள் என்றுதான் சொல்வேன், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர: பிஎஃப், ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்காத இடத்தைக் கடைசி வரை தள்ளிப் போடுங்கள். ஈஎஸ்ஐயில் இருந்தவர்கள் கிளை அலுவலகத்தில் 2018-இல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். தகுதி இருந்தால் 90 நாள் வரை சராசரிக் கூலியில் பாதி தருகிற திட்டம் அது.

அமெரிக்காவில் எச்1பி விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சட்டமே நாள் குறித்துவிடுகிறது: வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அவர்களிடம் போய்ப் பொறுமையாகத் தேர்ந்தெடு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

எதில் விட்டுக்கொடுக்கலாம்

எதில் பிடிவாதம் பிடிப்பது என்பதில்தான் நானும் தோழியும் ஆளுக்கொரு தப்பு செய்தோம். அவள் வேண்டாம் என்ற முதல் ஆஃபர் அவளுடைய அதே வேலை, சம்பளம் 10,000 குறைவு, கம்பெனி பெயர் யாருக்கும் தெரியாது. அந்தப் பெயருக்காகத்தான் விட்டாள். இன்றைக்கு அவளே அதை நினைத்து வருத்தப்படுகிறாள். நான் சம்பளம் வந்தால் போதும் என்று வேலையையே விட்டுக்கொடுத்தேன்.

சம்பளம், பதவிப் பெயர், கம்பெனியின் பேர், ஊர் இவற்றில் இறங்கி வரலாம். இரண்டு வருடம் தினமும் என்ன செய்யப் போகிறோம் என்பதில் இறங்கக் கூடாது. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கான்ட்ராக்ட்டாகப் போவது மேல்: ஆறு மாதம் என்று எழுதியே இருக்கும், வெளியே வந்ததை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிரந்தர வேலையில் சேர்ந்து இரண்டு மாதத்தில் ஓடினால் யூஏஎன் என்கிற பிஎஃப் எண்ணில் அந்தப் பதிவு நிற்கும், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் கேட்பார்கள். இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்கிற பாண்டு இருக்கிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன் பாருங்கள்.

கையிருப்பு ஆறு மாதம் என்றால் முதல் மூன்று மாதம் தேர்ந்தெடுங்கள். நாலாவது மாதம் முதல் நாள் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறும் தீர்ந்தபின் எடுக்கிற முடிவு பயத்தில் எடுக்கிற முடிவாகத்தான் இருக்கும்.

சித்தி பையனிடம் நோட்டை எடுத்து எழுதச் சொன்னேன். அவன் எண் நாலரை வந்தது. ஐந்து வாரத்தில் இரண்டு ஆஃபர்: சென்னையில் பழைய சம்பளத்துக்கே சப்போர்ட் வேலை, கோவையில் 15 சதவீதம் குறைவாக அவன் செய்துகொண்டிருந்த அதே ஜாவா வேலை. சித்திக்குச் சென்னையை விடவே மனசில்லை. "அம்மாகிட்ட நீங்க பேசுங்கக்கா" என்றான். பேசினேன். சனிக்கிழமை அவன் அறை பார்க்கக் கோவை பீளமேடு போகிறான், சித்தியும் கூடப் போகிறாள்.