கட்டிலோரத்தில் எது கைகொடுக்கும்: குரலா, பொத்தானா, எழுத்து அட்டையா?

கழுத்தெலும்பு முறிந்து கையும் காலும் ஓய்ந்துபோன ஒருவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவரும்போது குடும்பத்தார் கேட்கிற கேள்விகளில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "வாயால சொன்னா கேக்குற மிஷின் ஒண்ணு வாங்கிப் போட்டுருவமா சார்?" பாதி வீடுகளில் சென்னையிலோ துபாயிலோ இருக்கிற மகன் அதற்குள் ஸ்பீக்கரை ஆர்டர் போட்டிருப்பான். பாசத்தில் செய்வதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திசையன்விளை, ராதாபுரம், களக்காடு பக்கம் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு இதில் அழுத்தமான ஒரு கருத்து உண்டு. குரலை நம்பி எந்த வேலையை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கவே கூடாது என்று பிரித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

நம் சீமையில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. தேரிக்காட்டுப் பக்கம் பனையேறிப் பிழைக்கிறவர்கள் தவறி விழுந்து தண்டுவடத்தில் அடிபடுவது உண்டு. நாற்கரச் சாலையில் பைக்கில் விழுகிற பிள்ளைகள் இன்னொரு பக்கம். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981ல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், 1975ல் கடற்படைத் தேர்வில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். கை அசையாவிட்டாலும் குரல் இருந்தால் ஒரு மனிதனால் எவ்வளவு நடத்திக் காட்ட முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஆனால் அவர் குரலுக்குக் காது கொடுத்தவர்கள் மனிதர்கள். இயந்திரத்தின் காது வேறு.

முதலில் ஆள் கூப்பிடுகிற வேலையைப் பார்ப்போம். இதற்கு நான்கு போட்டியாளர்கள்: வெறும் தொண்டை, வயர்லெஸ் காலிங் பெல், குரல் கேட்கும் ஸ்பீக்கர், கைப்பேசி. தொண்டையை லேசில் நம்ப முடியாது. கழுத்தில் அடிபட்டவருக்கு விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் வேலை செய்யாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசையை வைத்து மட்டும் மூச்சு விடுகிறவரால் பேச முடியும், சத்தம் போட முடியாது. திசையன்விளைப் பக்கத்து அம்மா ஒருவர் சொன்னது: "நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா, இவிய கூப்பிட்டாலும் எனக்குக் கேக்காதுய்யா. வந்து பாத்தா மொகம் வேர்த்துக் கெடக்கும்."

காலிங் பெல் சில நூறு ரூபாய்க்குப் பாளையங்கோட்டை மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. பொத்தான் கட்டிலில், மணி அடுப்படியில். விரல் மடங்காதவரும் முழங்கையை மடக்க முடிந்தால் போதும், பொத்தானை ஒரு அகலமான அட்டைக்கு அடியில் ஒட்டி வைத்தால் முன்கையால் அழுத்திவிடுவார். முழங்கையும் அசையாதவருக்குக் கன்னத்தருகே தலையணையில் வைக்கலாம், தலையைச் சாய்த்தால் அடிக்கும். இணையம் வேண்டாம், மொழி வேண்டாம். பொத்தானுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோவதுதான் இதன் ஒரே பெரிய வியாதி. தினமும் காலையில் காப்பி கொடுக்கும்போது ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட வேண்டும். மணி பிளக்கில் சொருகுகிற வகையாக இருந்தால் இன்வெர்ட்டர் லைனில் சொருக வேண்டும்.

ஸ்பீக்கருக்கு வருவோம். தன்னைக் கூப்பிடும் பெயரை மட்டும் அது தானே அடையாளம் காணும், அதற்குப் பிறகு நாம் சொல்வதைப் பெரும்பாலும் இணையம் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பித்தான் புரிந்துகொள்கிறது. கரண்ட் போனால் வைஃபை போகும், வைஃபை போனால் அதற்குக் காது இல்லை. ஸ்பீக்கரை இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு வைஃபை பெட்டியை மறந்துபோன வீடுகளை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனி, ஆடிக் காற்றில் ராதாபுரம் பக்கம் சன்னல் படபடக்கிற சத்தத்தில் மெல்லிய குரல் அமுங்கிப்போகும். ஊரில் சுடலைமாடனுக்குக் கொடை என்றால் கேட்கவே வேண்டாம், விடிய விடிய வில்லுப்பாட்டும் மைக்செட்டும். வீட்டு ஆள் எல்லாம் கோயிலில் நிற்கும் அந்த ராத்திரியில்தான் கட்டிலில் கிடப்பவருக்கு மணி மிகவும் தேவைப்படும், அந்த ராத்திரியில்தான் ஸ்பீக்கருக்கு ஒன்றும் கேட்காது.

கைப்பேசி இந்த இடத்தில் ஸ்பீக்கரை முந்துகிறது. அதற்கென்று பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனாலும் டவர் கொஞ்ச நேரம் தாங்கும். தமிழும் ஓரளவு புரியும். கூகுள் 2017ல் தமிழில் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்த பிறகு இது நன்றாகவே முன்னேறியிருக்கிறது. ஆனால் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒரே குடும்பத்தில் இசக்கியம்மாள், இசக்கிமுத்து, இசக்கிராஜா மூன்று பேர் இருப்பார்கள். "இசக்கிக்குப் போன் போடு" என்றால் எந்த இசக்கி என்று அது திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்கும். அதனால் "வீடு", "பக்கத்து வீடு", "நர்ஸ்" என்று ஒன்றோடொன்று குழம்பாத பெயர்களில் எண்களைச் சேமித்து வையுங்கள். திரை பூட்டியிருக்கும்போதும் குரலுக்கு அழைப்பு போகிறதா என்று செட்டிங்கில் பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஆள் கூப்பிடுவதில் என் தீர்ப்பு: பெல் முதலில், கைப்பேசி இரண்டாவது, ஸ்பீக்கர் மூன்றாவது. பெல் இல்லாத வீட்டில் ஸ்பீக்கருக்குச் செலவழிக்க வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு மருத்துவக் காரணம் இருக்கிறது. மார்பு ஆறாவது தண்டுவடப் பகுதியிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு ஆட்டோநாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று ஓர் ஆபத்து வரும். மூத்திரக் குழாய் மடங்கிவிடும், அல்லது மலம் கட்டிக்கொள்ளும். உடம்புக்கு அது தெரியும், அவருக்கு உணர்வாகத் தெரியாது. இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும், தலை இடிக்கும், முகம் சிவந்து வேர்க்கும், மூக்கடைக்கும். இவர்களுக்கு வழக்கமான அழுத்தமே மேலே 90, 100 என்றுதான் இருக்கும். அதனால் கருவியில் 140 என்று காட்டும்போது "பெருசா ஒண்ணும் இல்லையே" என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள். அவருக்கு அது 40, 50 கூடிய அழுத்தம். விட்டால் மூளையில் இரத்தக் கசிவு வரைக்கும் போகும்.

செய்ய வேண்டிய முதல் வேலை அவரை உட்கார வைப்பது. தலை உயர்ந்தால் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். பிறகு உடையைத் தளர்த்தி, குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் 108தான். கூடவே இருந்து கவனிக்கிற மனைவி கொல்லையில் இருந்தாலும், தன் கட்டிலின் தலைமாட்டைத் தானே உயர்த்திக்கொள்ள முடிந்தால் அந்தச் சில நிமிடங்களில் அவர் தப்பிக்க வழி கிடைக்கிறது. குரல் கட்டுப்பாட்டுக்கு நான் முழு மனதோடு வாக்களிக்கிற இடம் இது ஒன்று.

ஆனால் மோட்டார் கட்டிலின் ரிமோட் பெரும்பாலும் வயர் வைத்தது, ஸ்பீக்கர் நேராக அதோடு பேசாது. நடுவே ரிலே போர்டு, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடுகிற சுவிட்ச் பலகை, போட வேண்டும். அதைச் செய்கிறவர் விவரம் தெரிந்தவராக இருக்க வேண்டும். மேலே ஏற்றும் ரிலேயும் கீழே இறக்கும் ரிலேயும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்ளாதபடி தடுப்பு வேண்டும். ஒரு சொல்லுக்குக் கட்டில் சில விநாடி மட்டும் நகர்ந்து தானாக நிற்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் பேரப்பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கலாம், மூத்திரப் பை தொங்கிக்கொண்டிருக்கலாம். அதனால் குரலில் ஏற்றுவதற்கு மட்டும் வழி வைத்துவிட்டு, இறக்குவதை ஆள் வந்து ரிமோட்டில் செய்வது நல்லது. பழைய ரிமோட்டை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றி எறியக் கூடாது.

விளக்கு, மின்விசிறி, டிவி மூன்றுக்கும் குரல் நன்றாகவே போதும். தப்பாகக் கேட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அமேசான் ஸ்பீக்கரில் பேசுகிற அலெக்ஸாவுக்கு இந்தியாவில் ஆங்கிலத்தோடு 2019ல் இந்தி சேர்ந்தது, தமிழில் அதோடு பேச வழியில்லை. இருந்தும் வயதானவர்கள் தடுமாறுவதில்லை. லைட், ஃபேன், ஆன், ஆஃப் எல்லாம் நம் வாயில் ஏற்கெனவே புழங்குகிற சொற்கள்தானே. ராத்திரி மூன்று மணிக்கு ஃபேனைக் கூட்டவா குறைக்கவா என்று மனைவியை எழுப்பாமல் தானே செய்துகொள்வதில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கிற நிம்மதியை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இனி ஒப்படைக்கவே கூடாதவை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற கான்சென்ட்ரேட்டரையோ, மூச்சு விட உதவுகிற பைபேப் கருவியையோ, படுக்கைப்புண் வராமலிருக்கப் போடுகிற ஏர் பெட்டையோ குரல் கேட்கும் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டாதீர்கள். "எல்லாத்தையும் ஆஃப் பண்ணு" என்று வீட்டுப் பிள்ளை விளையாட்டாகச் சொன்னாலே போதும். கான்சென்ட்ரேட்டரைத் திரும்ப ஆன் செய்தாலும் முழு அடர்த்திக்கு வர அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஏர் பெட் காற்றிறங்கிக் கிடந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிடும், அடியில் உணர்வே இல்லாதவருக்கு அது தெரியவும் தெரியாது. ஆக்சிஜனைக் கூட்டிக் குறைப்பதும் அப்படித்தான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள பலருக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 88க்கும் 92 சதவீதத்துக்கும் நடுவில் வைக்கச் சொல்வார்கள். மூச்சு வாங்குகிறதே என்று கூட்டிவிட்டால் கரியமில வாயு தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். இன்சுலின் அளவைக் குரலில் குறித்துவைக்கிறவர்களும் கவனிக்க வேண்டும். ஆறு, நூறு; அறுபது, எழுபது எல்லாம் இயந்திரக் காதுக்கு மிக நெருக்கமான ஒலிகள். எழுதியதை ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே ஊசி.

பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே குரலுக்கும் கைக்கும் நடுவிலான இந்தப் போட்டி எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. சின்னத் துளை வழியாகச் செய்கிற லேப்ராஸ்கோபி அறுவையில் கேமராவைப் பிடிக்க ஈசாப் என்ற இயந்திரக் கை 1994ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1996ல் அதற்குக் குரல் கட்டுப்பாடு வந்தது. டாக்டர் தன் குரலை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, குறிப்பிட்ட சில சொற்களால் கேமராவை நகர்த்துவார். கை இரண்டும் கத்தியோடும் இடுக்கியோடும் இருக்கும்போது எவ்வளவு வசதி! ஆனால் அதற்குப் பிறகு 2000ல் அனுமதி பெற்று உலகெங்கும் பரவிய டாவின்சி என்ற அறுவை இயந்திரம், கால் பெடலையும் கைப்பிடியையும் கொண்டே கேமராவை நகர்த்துகிறது. ஈசாப்பைச் செய்த நிறுவனம் 2003ல் டாவின்சி நிறுவனத்தோடு இணைந்துபோனது. வணிகக் காரணங்கள் பல இருக்கலாம். வேலையின் இயல்பிலும் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். "கொஞ்சம் மேலே" என்பதில் எவ்வளவு கொஞ்சம் என்பதைக் கையும் காலும் சொல்கிற மாதிரி வாய் சொல்லாது.

குரலே போனவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒப்பீட்டில் அவர்களைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பக்கவாதத்தில் நாக்குக் குழறுகிறவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தவர், பார்க்கின்சனில் குரல் கம்மிப்போனவர். இவர்களுக்கு ஸ்பீக்கர் வாங்கிக்கொடுத்தால், அது திரும்பத் திரும்பப் "புரியவில்லை" என்று சொல்லிச் சொல்லி மனசை உடைக்கும். 1995ல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், ஒரு குழாயில் ஊதியும் உறிஞ்சியும் சக்கர நாற்காலியை ஓட்டினார். ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத் தசையின் அசைவால் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கருவிகள் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை அல்ல, விலையும் கட்டாது.

ஆனால் காசே இல்லாத ஒரு வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஒரு பெரிய அட்டையில் நான்கு வரிசை எழுதுங்கள்: உயிர் பன்னிரண்டு, வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. வரிசையை ஒவ்வொன்றாகச் சொல்லி அவர் கண்ணைப் பாருங்கள். "உயிரா? வல்லினமா?" கண்ணை மூடித் திறந்தால் ஆமாம். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்தைச் சொல்லுங்கள். க, ச, ட, த என்று நான்காவதில் இமை மூடினால் த. அடுத்து மெல்லினத்தில் மூன்றாவது, ண. இதற்குள் வீட்டார் "தண்ணியா?" என்று கேட்டுவிடுவார்கள், இமை மீண்டும் மூடும். 247 எழுத்தையும் கடக்க வேண்டியதில்லை, முப்பது போதும். புள்ளியும் கொம்பும் காலும் கேட்கிறவர் ஊகித்துக்கொள்ளலாம்.

இது நினைவு தெளிவாக இருந்து வாய் மட்டும் ஒத்துழைக்காதவர்களுக்கான வழி. வலப்பக்கம் இழுத்துக்கொண்டவர்கள் பலருக்குச் சொல்லே மனதில் எழாமல் போயிருக்கும். அவர்களை எழுத்து கேட்டு வதைக்கக் கூடாது. தண்ணீர், கக்கூஸ், வலி, புரட்டிப் போடு என்று படம் ஒட்டிய அட்டையும் பொறுமையும் வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடமும் காட்ட வேண்டும். எந்த அட்டையானாலும் கட்டிலின் கால்மாட்டில், அவர் கண்ணுக்கு நேரே மாட்டுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற நர்சுக்கும், பார்க்க வருகிற மச்சினனுக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு தடவை சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.