மாலைப் படகு விருந்து: பௌர்ணமி பார்த்துப் போங்கள், சாப்பாட்டைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள்

திருச்செந்தூருக்கும் உவரிக்கும் இடையில் கடலோரமாக இருக்கும் ஒரு விடுதியில் ‘சன்செட் டின்னர் குரூஸ்’ நடத்துகிறார்கள். சாயங்காலம் படகில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப் போய், சூரியன் மறைவதைக் காட்டி, அங்கேயே சாப்பாடும் போட்டு, இருட்டிய பிறகு கரையில் இறக்கிவிடுவார்கள். பெரியவர்களுக்குத் தலைக்கு 1,800 ரூபாய், பத்து வயதுக்குக் கீழே பாதி. மாசிப் பௌர்ணமி அன்று ஆச்சி, அம்மா, அண்ணன், மதினி, பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பமும் பாளையங்கோட்டையிலிருந்து போனோம். விடுதியின் பெயரை இங்கே போடவில்லை. குறைகளை மேனேஜரிடமே நேரில் சொல்லியாகிவிட்டது, திருத்திக்கொள்ள அவருக்கு அவகாசம் கொடுப்பதுதான் நியாயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலுக்காகப் போகலாம், கட்டாயம் போகலாம். சாப்பாட்டுக்காகப் போக வேண்டாம்.

முதலில் அந்த விளம்பரப் படம். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, தண்ணீருக்குள் பாதி சூரியன் முங்கியிருப்பது போல, அது நம் கடல் இல்லை. நம் கரை கிழக்கும் தென்கிழக்கும் பார்த்த கரை. வருடத்தின் பெரும்பகுதி இங்கே சூரியன் எழுவதுதான் கடலில், இறங்குவது நிலத்தில். கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் கன்னியாகுமரிக்குப் போக வேண்டும், அதுவும் ஐப்பசியிலிருந்து மாசி வரைதான் சரியாக வரும், மற்ற மாதங்களில் அங்கேயும் சூரியன் கரைப்பக்கம் ஒதுங்கிவிடும். வெளியூரிலிருந்து அந்தப் படத்தை நம்பி வருகிறவர் ஏமாந்து போவார். எங்களோடு வந்த ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் படகில் உட்கார்ந்துகொண்டு கடைசி வரைக்கும் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது, சூரியனோ அவர்களுக்கு முதுகுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? அண்ணன்தான் போய்த் திருப்பி உட்கார வைத்தான்.

இத்தனைக்கும் உண்மையில் இங்கே பார்க்கக் கிடைப்பது அந்தப் படத்தைவிட எவ்வளவோ நல்லது! கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தவிர நம்மில் பலர் நம் ஊரைக் கடலிலிருந்து பார்த்ததே இல்லை. திருச்செந்தூருக்கு எத்தனையோ முறை போகிறோம், கடலில் குளிக்கிறோம், நாழிக்கிணற்றில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறோம், ஆனால் எப்போதும் கரையில் நின்று கடலைப் பார்க்கிறவர்களாகவே இருக்கிறோம். படகு கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பியதும் மணப்பாட்டுக் குன்று தனியாக எழுந்து நிற்கிறது, மேலே திருச்சிலுவைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது தங்கியதாகச் சொல்லும் குகை அந்தக் குன்றில்தான் இருக்கிறது. வடக்கே பார்த்தால் குலசேகரன்பட்டினம், முத்தாரம்மன் தசராவுக்கு ஊரே வேஷம் கட்டும் கரை, இப்போது இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் வருகிற கரை. இதற்கெல்லாம் பின்னால் தேரிக்காட்டின் செம்மண், அதற்கும் பின்னால் வரிசை வரிசையாகப் பனை. சூரியன் அந்தப் பனைகளுக்குள்தான் இறங்கியது. செம்மண்ணும் அந்த வெளிச்சமும் சேர்ந்தபோது கரை முழுவதும் ஒரே நிறமாக ஆகிவிட்டது, கோயில் சுவர், மணல், மீனவர்களின் வள்ளங்கள், எல்லாம். அன்றைக்கு வானம் தெளிவாக இருந்ததால் மேற்கே வெகு தொலைவில் மகேந்திரகிரிப் பக்கத்து மலை மெல்லிய கோடாகத் தெரிந்தது. ஆச்சி களக்காட்டுக்காரர். “எங்க ஊரு மலைய கடலுக்குள்ள இருந்து பாக்கேனே” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

இன்னொன்று, பௌர்ணமி. இதை விடுதிக்காரர்கள் ஏன் பெரிதாகச் சொல்லி விற்கவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியேதான் நிலா எதிர்த்திசையில் எழும். நிலவும் சூரியனும் பூமிக்கு இரண்டு பக்கமும் நேரெதிராக நிற்கும் நாள் அது. மேற்குக் கரைக்காரர்களுக்கு சூரியன் கடலில் இறங்கும், ஆனால் நிலா அவர்களுக்கு ஊர்ப்பக்கம் எழும். நமக்கு நிலா கடலில் எழும்! கரைப்பக்கம் சூரியன் பனைக்குள் போன கொஞ்ச நேரத்தில் கிழக்கே தண்ணீர் விளிம்பில் மங்கலாக ஒரு வட்டம் வந்தது. முதலில் யாருக்கும் அது நிலா என்றே படவில்லை, அவ்வளவு வெளிறி இருந்தது, அப்புறம் இருட்ட இருட்ட நிறம் ஏறி மஞ்சளாகி, தண்ணீரில் படகு வரைக்கும் வெளிச்சப் பாதை விழுந்தது. நம் பக்கம் அந்தி நீளாது, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் நன்றாக இருட்டிவிடும் என்பதால் இது எல்லாம் கண்முன்னே மளமளவென்று நடக்கிறது. பௌர்ணமிக்கு மறுநாளும் பரவாயில்லை, நிலா முக்கால் மணி நேரம் பிந்தி வரும், இருட்டில் எழுவதால் நிறம் இன்னும் அழுத்தமாக இருக்கும். நாள் தள்ளிப் போகப் போக நிலா வருவதற்குள் படகு கரைக்குத் திரும்பிவிடும். ஆகவே காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். எல்லா நாளும் ஒரே விலைதான் வாங்குகிறார்கள்.

ஏறுவது கொஞ்சம் சிரமம். படகுத்துறை கிடையாது. முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து சின்ன பைபர் படகில் ஏறி, அங்கிருந்து நங்கூரம் போட்டு நிற்கும் பெரிய படகுக்கு மாற வேண்டும். பட்டுப்புடவை, தோல் செருப்பு எல்லாம் வேண்டாம். ஆச்சியை இரண்டு தம்பிகள் கைத்தாங்கலாகப் பிடித்துப் பூப்போல ஏற்றிவிட்டார்கள். மூட்டுவலி உள்ளவர்களைக் கூட்டிப் போவதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பலகை போட்டுத் தருகிறார்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் இவர்களுக்கு முழு மதிப்பெண். எல்லோருக்கும் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குச் சின்ன அளவு தனியாக வைத்திருந்தார்கள், கொக்கி மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் படகை எடுத்தார்கள். இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2012 பிப்ரவரியில் இதே மணப்பாட்டுக் கடலில், சுற்றிப் பார்க்கப் போனவர்களை அளவுக்கு மேல் ஏற்றிய படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே கரையில் யாராவது “வாங்க, ஒரு ரவுண்டு கூட்டிப் போறேன், ஆளுக்கு இருநூறு குடுங்க” என்று ஜாக்கெட் இல்லாத வள்ளத்தில் கூப்பிட்டால் தயவுசெய்து ஏறாதீர்கள். இந்த விடுதியிலும் கூட்டம் அதிகமாகி ‘இன்னும் நாலு பேர்தானே’ என்று ஏற்றினால் இறங்கி வந்துவிடுங்கள். எங்கள் படகில் அப்படி ஏற்றவில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். மனம் பொறுக்கவில்லை.

மதியம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. சீலா, பாறை, விளமீன், ஒரு பக்கம் கணவாய், ஒரு பக்கம் வெள்ளி மின்னுகிற நெத்திலி. மதினி அப்போதே சொல்லிவிட்டார், இன்றைக்கு ராத்திரி நமக்கு நல்ல சாப்பாடு என்று. படகில் மூடியைத் திறந்தால் பிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், பன்னீர் பட்டர் மசாலா, ரொட்டி, கோழிக்கறி, மைதா மாவில் முக்கிப் பொரித்த ஒரு மீன். மதினி பரிமாறிய பையனிடம் “தம்பி, இது என்ன மீன்?” என்று கேட்டார். “பாசா மேடம், பிரீசர்ல இருந்து வருது” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் வியட்நாமில் குளத்தில் வளர்த்து ஐஸில் வைத்து அனுப்புகிற மீனை மன்னார் வளைகுடாவின் மேல் உட்கார வைத்து எங்களுக்குப் போட வேண்டிய அவசியம் என்ன? கூப்பிடு தூரத்தில் சீலா ஏலம் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் கிடைப்பது குறையும், விலை ஏறும், அப்போது பாசா போட்டாலாவது புரிந்துகொள்ளலாம். மாசியில் என்ன தடை?

நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. தேங்காய் அரைத்து மாங்காய் போட்ட ஒரு மீன் குழம்பு, சுடுசோறு, மிளகாய்த்தூள் தடவிப் பொரித்த சீலா ஒரு துண்டு, நெத்திலி அவியல். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தேங்காய்ப்பால் விட்டு நம் ஊர்ச் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்தால் எந்த ஊர்க்காரரும் பன்னீர் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். கடைசியில் குலாப் ஜாமூன் தருகிறார்கள். பக்கத்து ஊர் உடன்குடி, புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டி அங்கேதான் காய்ச்சுகிறார்கள், அந்தக் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி ஒரு டம்ளர் கொடுத்திருந்தால் கடல் காற்றில் எப்படி இருந்திருக்கும்! செலவும் பெரிதாக ஏறாது. இந்த ஊர்க் கடலைக் காட்டிக் காசு வாங்குகிறவர்கள் இந்த ஊர்ச் சாப்பாட்டைப் போட வெட்கப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. சமைத்தவர் கைப்பக்குவம் மோசமில்லை, கோழிக்கறி நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பரிமாறும் நேரமும் சரியில்லை. சூரியன் இறங்க ஆரம்பிக்கும்போதுதான் “சாப்பிட வாங்க” என்று கூப்பிடுகிறார்கள். பாதிப் பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது வெளியே எல்லாம் முடிந்துவிடுகிறது. போதாததற்குச் சாப்பாட்டுக்காகப் படகை நிறுத்துகிறார்கள். ஓடுகிற படகு அலையை வெட்டிக்கொண்டு போகும், நின்ற படகைத்தான் அலை பக்கவாட்டில் உருட்டும். அப்படி ஆடும்போது எண்ணெய்ப் பலகாரம் உள்ளே போனால் என்ன ஆகும்? எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி வாந்தி எடுத்தாள், அந்தக் கோயம்புத்தூர் அம்மாவும் படுத்துவிட்டார். சூரியனும் நிலாவும் முடிந்து, குன்றின் மறைவுக்குத் திரும்பி வந்த பிறகு பரிமாறினால் இந்தத் தொல்லை பாதி குறையும். மேனேஜரிடம் இதைச் சொன்னபோது குறித்துக்கொண்டார்.

உட்காரும் இடம் முக்கியம். பின்பக்கம் டீசல் நாற்றம், முன்பக்கம் ஏறி ஏறி இறங்கும். படகோட்டி அண்ணாச்சி ஆச்சியைப் பார்த்ததுமே, “அணியத்துல வேண்டாம், நடுவுல உக்காருங்க ஆச்சி, அங்கதான் ஆட்டம் கம்மி” என்று இடம் மாற்றிவிட்டார். அந்த மனிதர்தான் இந்தப் பயணத்தின் பெரிய சொத்து. இதே கரையில் மீன் பிடித்தவர். பாட்டுச் சத்தம் காதைக் கிழித்தபோது நாங்கள் கேட்டதும் உடனே நிறுத்தச் சொன்னார். அப்புறம் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காற்றைப் பற்றிப் பேசினார். வாடை என்றால் வடக்குக் காற்று, கொண்டல் கிழக்குக் காற்று, கச்சான் மேற்குக் காற்று. “இப்ப வாடை ஓஞ்சுட்டு, கொண்டல் இளசா அடிக்கி, அதான் கடல் இப்படிக் கெடக்கு. ஆனி ஆடியில கச்சான் கெளம்புச்சுன்னா இந்தப் படகை எடுக்கவே மாட்டோம்” என்றார். விளம்பரத்தில் ஒரு வரி கூட அவரைப் பற்றி இல்லை. ஒரு மைக்கைக் கொடுத்து அவரைப் பேசச் சொன்னாலே போதும், அந்தப் பாட்டுப் பெட்டியே வேண்டாம்.

அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் தை முதல் பங்குனி வரைதான் சரியான காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை, வைகாசியில் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை வரும், காற்றே இல்லாமல் தூரத்துக் கடலிலிருந்து அலை பெருகி வரும் என்பதால் அந்த நாட்களில் கரையில் ஏறி இறங்குவதே ஆபத்து. எச்சரிக்கை இருந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் வேறு தேதி தருவோம் என்றார்கள், பணம் இல்லையாம்.

பௌர்ணமியன்று திருச்செந்தூர் சாலைப் பக்கம் போகாதீர்கள். கடற்கரையில் இரவு தங்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், வண்டி நகராது. சாத்தான்குளம், உடன்குடி வழியே போனால் நிம்மதி. படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டால் நடு இருக்கை கிடைக்கும்.

கடைசியாக, நாங்கள் கிளம்பும்போது மேனேஜர் சொன்னது: சாப்பாடு வேண்டாம், படகு மட்டும் போதும் என்றால் 1,100 ரூபாய்க்குத் தருவார்களாம். விளம்பரத்தில் இது இல்லை, போன் செய்து கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள். மிச்சப்படும் காசுக்குக் கரையில் சீலா வாங்கிக் கொடுத்தால் பக்கத்திலேயே பொரித்துத் தருகிற கடைகள் இருக்கின்றன.