78,500 ரூபாவுக்குப் பூட்டிய பொருந்தாத கியர்: பழைய ரோட் பைக் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கொழும்பில் பழைய ரோட் பைக் எனப்படும் பந்தயச் சைக்கிள் ஒன்றின் கியர்த் தொகுதியைப் புதுப்பிக்க எண்ணியிருப்பவர்கள், கடையில் காசைக் கொடுப்பதற்கு முன்னர் இதை வாசித்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பாவித்த சைக்கிள்களுக்கு உதிரிப்பாகம் விற்று, அங்கேயே பூட்டியும் கொடுக்கும் ஒரு கடையில் 78,500 ரூபாவைக் கொடுத்துவிட்டு, ஓட முடியாத சைக்கிளோடு நிற்கிறேன். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

என்னுடையது ஷிமானோ கம்பனியின் 105 என்ற கியர்த் தொகுதியில் 5600 எனும் தலைமுறை பூட்டப்பட்ட அலுமினியச் சைக்கிள். பின்னால் 10 பற்சக்கரங்கள், அதாவது 10 ஸ்பீட். கியர் கேபிள்கள், கியர் மாற்றும் லீவரின் பக்கவாட்டிலிருந்து வெளியே வளைந்து தெரியும் பழைய அமைப்பு. 2022 இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது இந்த ஊரில் மூலையில் கிடந்த இப்படிப்பட்ட சைக்கிள்கள் பலவும் வீதிக்கு வந்தன. மரைன் டிரைவில் காலையில் நின்று பார்த்தால் இன்றும் காணலாம். இடது லீவர் தேய்ந்து முன் கியரைப் பிடிக்க மறுத்ததால் மாற்ற முடிவெடுத்தேன். அதே தலைமுறை லீவரைப் பாவித்த நிலையில் தேடுவதா, 2014 இல் வந்த 11 ஸ்பீட் 5800 தொகுதிக்கு முழுமையாக மாறுவதா என்பதுதான் என் கேள்வி. 2023 இல் வந்த, கேபிளில் இயங்கும் 12 ஸ்பீட் 105 என் கைக்கு எட்டாது; அதைப் பற்றி நான் கேட்கவேயில்லை.

நான் அந்தக் கடைக்காரரை நம்பியது எப்படி என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களையும் அப்படித்தான் நம்பவைப்பார்கள். 11 ஸ்பீட் என்று நான் சொன்னதும் அவர் மகிழ்ச்சியோடு விற்கத் தொடங்கவில்லை, மறித்தார். என் சைக்கிளைத் தாங்கியில் தூக்கிவைத்து, பின் சில்லைக் கழற்றிக் காட்டி, சில்லின் நடுவிலுள்ள இந்தப் பழைய ஹப்பில் பற்சக்கரங்கள் ஏறும் உடல் 11 ஸ்பீட் ஹப்பை விட 1.85 மில்லிமீற்றர் குட்டை, வழமையான 11 ஸ்பீட் ரோட் கசெட், அதாவது பின் பற்சக்கரத் தொகுதி, இதில் இறுகாது, புதுச் சில்லும் வாங்கவேண்டி வரும், வீண் செலவு என்றார். அது முழு உண்மை. 11-34 பற்கள் கொண்ட ஒரு சில கசெட்டுகளே அந்த விதிக்கு விலக்கு. தனக்கு வரக்கூடிய இலாபத்தைத் தானே தடுத்து உண்மை சொல்லும் ஒருவரை யார் சந்தேகிப்பார்கள்? அதன் பிறகு ஷிமானோவின் இன்னொரு தொகுதியான டியாக்ரா 4700 இன் லீவர் சோடி ஒன்றை எடுத்து வைத்தார். அதுவும் 10 ஸ்பீட், 2015 இல் வந்தது, கேபிள் ஹாண்டிலில் சுற்றும் ரேப்புக்குள் மறையும், பார்க்கவும் அழகு. சங்கிலியைப் பற்சக்கரம் மாற்றி நகர்த்தும் என் பழைய டீரெய்லரும் இந்த லீவரும் வெவ்வேறு காலத்தவை ஆயிற்றே, ஒத்துப்போகுமா என்று நான் வாய்விட்டே கேட்டேன். "தம்பி, பத்து ஸ்பீட் எண்டா பத்து ஸ்பீட்தான். கண்ணை மூடிக்கொண்டு பூட்டலாம்" என்றார். லீவர், கசெட், சங்கிலி, கேபிள், ரேப், கூலி எல்லாம் சேர்த்து 78,500 ரூபா. எண்ணிக் கொடுத்தேன்.

பத்து ஸ்பீட் எல்லாம் பத்து ஸ்பீட் அல்ல. பழைய 10 ஸ்பீட் ரோட் டீரெய்லர், கேபிள் 1 மில்லிமீற்றர் இழுபட்டால் ஏறத்தாழ 1.7 மில்லிமீற்றர் நகரும். 4700 டீரெய்லர் ஏறத்தாழ 1.4 மில்லிமீற்றரே நகரும் என்பதால், அதற்கென்று செய்த லீவர் ஒவ்வொரு கிளிக்கிலும் கூடுதலாகக் கேபிளை இழுக்கிறது. அந்த லீவரைப் பழைய டீரெய்லரோடு சேர்த்தால் சங்கிலி ஒவ்வொரு கிளிக்கிலும் சற்று மிஞ்சிப் போகும். பற்சக்கரங்களுக்கிடையே 4 மில்லிமீற்றர்கூட இல்லாததால், நான்கைந்து கிளிக்கில் அந்த மிச்சம் ஒரு முழுப் பற்சக்கரமாகிவிடும். கடை வாசலில் ஓடிப் பார்த்தபோது முதல் இரண்டு கியர் பளிச்சென்று விழுந்தது. மறுநாள் தெகிவளை மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தபோது சங்கிலி இரண்டு பற்சக்கரம் தாண்டிப் பாய்ந்தது. பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. முன் கியரும் இதே காரணத்தால் உரசுகிறது.

திரும்பிப் போனபோது, புதுக் கேபிள் நீளும், 100 கிலோமீற்றர் ஓடிவிட்டு வாருங்கள் என்றார்கள். ஓடிவிட்டுப் போனேன். டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது என்று சொல்லி, அதை நிமிர்த்துவதற்குத் தனிக்கூலி வாங்கினார்கள். பின்னர் பாரம் கொடுத்து மிதிக்கும்போது கியர் மாற்றுகிறேன் என்று குற்றம் என் காலுக்கு மாறியது. ஷிமானோ தன் இணையத்தளத்தில் வெளியிட்டிருக்கும் பொருத்த அட்டவணையை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அது கம்பனிக்காரன் புதுச் சாமான் விக்கிறதுக்கு எழுதுறது" என்று பதில் வந்தது. முதலாளி கண்டியில் நிற்கிறார், வந்ததும் பேசுவார் என்றார்கள். அந்த முதலாளி இன்னமும் கண்டியிலேயே நிற்கிறார். கடைசியாக, எதுவும் மாற்றத் தேவையில்லை என்று சொன்ன அதே வாயால், 4700 பின் டீரெய்லர் ஒன்று 24,000 ரூபாவுக்குத் தரலாம், எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். அப்படியானால் பொருத்தமின்மை அவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. பூட்டிய சாமானைத் திருப்பி எடுப்பதில்லையாம். என் பழைய லீவர்களைக் கேட்டேன், குறைந்தது வலது லீவராவது நன்றாக வேலை செய்ததே என்றேன், குப்பையோடு எறிந்துவிட்டார்களாம். ஆக 78,500 ரூபாவும் போய், முன்பிருந்த நிலைக்குத் திரும்பும் வழியும் போயிற்று.

ஒவ்வொரு தலைமுறையையும் ஒப்பிட்டு ஒழுங்காக எழுதலாம் என்று தொடங்கினேன். இப்போது அதற்குப் பொறுமையில்லை. லீவரிலும் டீரெய்லரிலும் உட்பக்கம் மாதிரி இலக்கம் பொறித்திருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்பீட் எண்ணிக்கையை வைத்து மட்டும் எதையும் வாங்காதீர்கள். 4700 லீவருக்கு 4700 டீரெய்லர்களையே கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்கிவிடுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977, முறைப்பாட்டை விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் கொடுத்துவிட்டேன். ஆனால் 78,500 ரூபாவுக்கு அவர்கள் எனக்குத் தந்த பற்றுச்சீட்டில் "கியர் சாமான், பூட்டுக்கூலி" என்று மட்டுமே எழுதியிருக்கிறது. உங்களுடையதில் மாதிரி இலக்கத்தையும், எந்த டீரெய்லருக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்றார்கள் என்பதையும் எழுதுவித்துக்கொண்டு காசைக் கொடுங்கள்.