ஆய்வுப் பல்கலைக்கழகம் தேடுவோருக்கு லைடன் தரவரிசை

வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்கு இடம் தேடுபவர்கள் முதலில் திறப்பது உலகத் தரவரிசைகளைத்தான். அவை எதை அளக்கின்றன என்று பார்ப்பவர்கள் குறைவு. 2003இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசை ஆய்வுக்கே முதலிடம் தருகிறது. ஆனாலும் அதன் மதிப்பெண்ணில் 30 விழுக்காடு, நோபல் பரிசோ கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ பெற்ற ஆசிரியர்களையும் முன்னாள் மாணவர்களையும் சார்ந்தது; என்றோ கிடைத்த பரிசால் இன்று சேரும் மாணவருக்கு நல்ல நெறியாளர் அமைந்துவிடுவாரா என்ன?

எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுவது, நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வு மையம் வெளியிடும் லைடன் தரவரிசை. அதில் கூட்டு மதிப்பெண் கிடையாது. புலத்தைத் தேர்ந்தெடுத்தால், ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டுரைகளில் எத்தனை விழுக்காடு, அதே துறையில் பிற ஆய்வாளர்களால் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளின் முதல் 10 விழுக்காட்டுக்குள் வருகின்றன என்று காட்டும். எண்ணிக்கைப்படி அடுக்கினால் பெரிய நிறுவனங்களே மேலே நிற்கும். விகிதப்படி அடுக்கியதும், அதிகம் பேசப்படாத சிறிய நிறுவனங்கள் சில முன்னே வந்துவிடும். இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

குறையும் உண்டு. புலங்கள் 5 மட்டுமே என்பதால் சமூக அறிவியலும் கலைப்புலமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. வரலாறு, இலக்கியம் படிப்போருக்கு இது அதிகம் உதவாது. உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, நெறியாளர் வேறிடம் போனால் மாணவரின் கதி என்ன என்பவற்றை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. அவற்றை அந்த ஆய்வகத்தில் இப்போது பயிலும் மாணவர்களிடமே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.