பசளை வீசும் மெசின்: இரண்டு காலபோகம் பாவித்த பிறகு

ஒட்டுசுட்டான் பக்கம் எங்களுக்கு 7 ஏக்கர் மேட்டுக்காணி, சோளமும் உளுந்தும் போடுகிறோம், 45 குதிரைவலு ட்ராக்டர் நிற்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நெல்லுக்கு மேற்கட்டுப் பசளை போடலாம் என்று நினைத்து இந்த மெசினை வாங்காதீர்கள். தண்ணீர் நிற்கும் வயலில் பயிர் வந்த பிறகு ட்ராக்டரை இறக்க முடியாது, அங்கே கைதான், இல்லையென்றால் முதுகில் கொளுவும் புளோவர். வயலில் இதற்கு வேலை விதைப்புக்கு முன் அடிக்கட்டுப் பசளை வீசுவது மட்டும்தான்.

முன்பு மச்சானின் மெசினைத்தான் கேட்டு எடுப்போம். இரும்புத் தொட்டி, பசளையைச் சுழற்றி எறியும் இரண்டு தட்டு, 600 லீற்றர். யூரியா நிரப்பினால் பசளைப் பாரம் மட்டும் 450 கிலோவுக்குக் கிட்ட வரும், வரம்பு ஏறும்போது ட்ராக்டரின் முன்சில்லு நிலத்தில் பிடிக்காமல் மிதந்தது, பயந்துபோனேன். அதைவிட மோசம் கறள். கழுவாமல் வைத்ததில் பசளை விழும் வாயைத் திறந்து மூடும் தகடு இறுகி, எவ்வளவு இழுத்தாலும் முழுதாக மூடாது, திரும்பும் இடமெல்லாம் யூரியா குவிந்து அந்தத் துண்டுகளில் சோளம் எரிந்தே போய்விட்டது.

அதனால் நான் வாங்கியது 300 லீற்றர் பிளாஸ்டிக் தொட்டி, ஒற்றைத் தட்டு, தட்டும் தகடும் கறள் பிடிக்காத உருக்கு. எங்கள் அளவுக் காணிக்கு இது போதும். ஒற்றைத் தட்டு ஒரு பக்கம் கூடுதலாக எறியும், ஆகவே பசளை விழும் இடத்தை நகர்த்தித் திருத்த வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கடையில் நின்ற தம்பி "12 மீற்றர் வீசும் அண்ணை" என்றார். ரி.எஸ்.பி. என்ற பொஸ்பரஸ் பசளை பாரமான குருணி, அது தூரம் போகும். யூரியா மணி லேசு. குறுக்கே வரிசையாகப் பேசின்களை வைத்து ஓட்டிப் பார்த்தேன், யூரியாவுக்கு 8 மீற்றருக்கு மேல் நம்ப முடியவில்லை.

அப்புறம் கணக்கு. 8 மீற்றர் வீச்சில் ஒரு ஏக்கர் முடிக்க 506 மீற்றர் ஓட வேண்டும், மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் ஏறக்குறைய 5 நிமிடம். ஏக்கருக்கு 50 கிலோ போடுவதென்றால் நிமிடத்துக்கு 10 கிலோ விழ வேண்டும். என்ஜினை நிறுத்தித் தட்டைக் கழற்றுங்கள், கீழே சாக்கைக் கட்டுங்கள், ட்ராக்டரின் பின்னால் மெசினைச் சுழற்றும் பி.ரி.ஓ.வை நிமிடத்துக்கு 540 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, விழுந்ததைத் தராசில் நிறுங்கள். தகட்டை எவ்வளவு திறப்பது என்று மெசினோடு வந்த புத்தகம் சொன்ன இலக்கத்தில் எனக்கு 14 கிலோ விழுந்தது! அப்படியே வீசியிருந்தால் 7 ஏக்கருக்கும் 140 கிலோ யூரியா வீணாகியிருக்கும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி நவம்பரில் திரும்ப விடும்வரை நாங்கள் பட்டபாட்டை மறக்கவில்லை, ஒரு கிலோவையும் சும்மா கொட்ட எனக்கு மனம் வராது.

குறைகளும் இருக்கின்றன. மூடி சரியாகப் பொருந்தாது, மாரியில் யூரியா ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும், உள்ளே கிளறும் கம்பியும் சின்னது, கட்டியை உடைக்காது. நான் அரித்துப் போட்டு, மேலே படங்கு கட்டித்தான் ஓட்டுகிறேன். வேலை முடிந்த அன்றே தண்ணீர் அடித்துக் கழுவி, காயவிட்டு, எண்ணெய் பூசிவிடுவேன், தகடு இன்னும் ஒரு விரலால் தள்ளும் அளவுக்கு இலகுவாக ஓடுகிறது.

இன்னொன்று. பி.ரி.ஓ. சாப்டுக்கு உறை இல்லாமல்தான் கடையில் தந்தார்கள், கேட்டால் "அது பிறகு போடலாம்" என்றார்கள். சாரத்தோடு வேலை செய்கிறவர்கள் நாங்கள், சுற்றுகிற சாப்டில் துணி ஒருமுறை சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். உறை வரும்வரை நான் மெசினை ட்ராக்டர் பெட்டியில் ஏற்றவில்லை, 4 நாள் பிந்தினாலும் பரவாயில்லை என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.